கவிமணி குடியிருந்த வீடு: ஆட்சியருக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய கன்னியாகுமரி மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

2026 ஜூலை 27-இல் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்து 150 ஆண்டு நிறைகிறது. சிலைக்கு மாலை விழும், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட்டி நடக்கும். அதெல்லாம் தானாக நடந்துவிடும். நான் எழுதுவது வீட்டைப் பற்றி.

பிறந்த ஊர் தேரூர். சிறு வயதில் தந்தையை இழந்தவர், வாணன்திட்டில் இருந்த திருவாவடுதுறை மடத்துத் தம்பிரானிடம் தமிழ் படித்ததும் அந்த வட்டாரத்தில்தான். ஆனால் 36 ஆண்டு ஆசிரியர் வேலை பார்த்து 1931-இல் ஓய்வுபெற்ற பின் அவர் குடியிருந்தது மனைவி உமையம்மையின் ஊரான புத்தேரியில். 'மலரும் மாலையும்', 'ஆசிய ஜோதி' எல்லாம் நூலானது இந்தப் புத்தேரிக் காலத்தில். 1954 செப்டம்பர் 26-இல் மறையும்வரை அந்த ஊர்தான். பிறந்த வீட்டோடு நினைவை முடித்துக்கொள்ளும் நம் வழக்கம் எனக்குச் சம்மதமில்லை.

திருவல்லிக்கேணியில் பாரதி கடைசியாக இருந்தது வாடகை வீடு. அவர் மறைந்தது 1921-இல், அரசு அதை வாங்கிப் பாரதியார் இல்லம் ஆக்கியது 1993-இல். இடையில் 72 ஆண்டு. 1954-ஓடு 72-ஐக் கூட்டிப் பாருங்கள்.

கவிமணிக்கு வீடே நினைவிடமாகப் பொருந்தும் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' வீட்டைப் பற்றிய நூல்தான். குடும்பத் தலைவரான காரணவர் கண்ணை மூடினால் நெல் சேர்த்து வைக்கும் பத்தாயமும் நிலமும் சகோதரி மகனான மருமகனுக்கு. பெற்ற மக்களுக்கு உகந்துடைமை என்று ஏதோ கொஞ்சம். பெண்டாட்டி நடுத்தெருவில். அதை அடுக்களைப் பேச்சிலேயே, அவள் வாயாலேயே சொல்ல வைத்தார். 1926-இல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து அந்த முறை மாறியது. பத்தாயம் என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைக்குச் சொற்பொருள் எழுதித் தருகிறோம். ஒன்றைத் திறந்து காட்டினால் போதும், நூலில் பாதி விளங்கிவிடும்.

ஆகவே, தாசில்தாரையும் கிராம நிர்வாக அலுவலரையும் கொண்டு தேரூரிலும் புத்தேரியிலும் பழைய பத்திரங்களைப் புரட்டி, ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, எந்தச் சுவர் எந்தக் காலத்தது என்று அளந்து படம் எடுத்து வையுங்கள். வாங்குவதோ பராமரிப்பதோ, உரிமையுள்ள குடும்பத்தாரின் சம்மதத்தோடு, நியாயமான விலையில் நடக்கட்டும். இடித்துவிட்டு மணிமண்டபம் கட்டும் யோசனை யாருக்காவது வந்தால் தயவுசெய்து அந்தக் கோப்பைத் திருப்பி அனுப்புங்கள். பழுது பார்க்கையில் தரையில் டைல்ஸ் ஒட்டும் ஒப்பந்தக்காரரையும் கூடவே.

பழைய வீட்டைப் பழுது பார்க்க ஆள் கிடைக்காது என்பார்கள். நம் மாவட்டத்துக்குள்ளேயே பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறை மரமும் ஓடும் சிதையாமல் பேணி வருகிறது. ராஜா வீட்டுக்குத் தெரிந்த கைவேலை, வாத்தியார் வீட்டுக்கும் ஆகும். அந்தத் துறைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
நாகர்கோவில் வாசகன் ஒருவன்