தகட்டைத் தட்டிப் பார்க்கும் மூடநம்பிக்கை

தகடு தடித்து எடை கூடிய வண்டியே உயிரைக் காக்கும் என்பது, இந்தியாவில் கார் வாங்குவோரிடையே யாரும் கேள்வி கேட்காமல் நிலைத்துவிட்ட நம்பிக்கை. பொறியாளர்கள் நிறைந்த பெங்களூரிலும், ஷோரூமுக்கு வருவோர் கட்டைவிரலால் பானெட்டை அழுத்திப் பார்த்து, கதவைச் சாத்தி அது எழுப்பும் 'தொம்' என்ற ஓசைக்குக் காதுகொடுத்த பிறகே விலையை விசாரிக்கின்றனர். அழுத்திய இடத்தில் தகடு சற்று உள்வாங்கினால் 'தகர டப்பா' என்ற பட்டம் அந்த வண்டிக்கு அங்கேயே கிடைத்துவிடுகிறது.

இந்தச் சோதனையால் ஓட்டுபவரின் பாதுகாப்பைப் பற்றி அறியக்கூடியது எதுவுமில்லை. பெரும்பாலான கார்களில் வெளித்தகட்டின் தடிமன் 1 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை; கதவின் ஓசையோ, விளிம்பு ரப்பர்களையும் உட்புறம் ஒட்டப்படும் அதிர்வடக்கும் அட்டைகளையும் கொண்டு தொழிற்சாலையில் திட்டமிட்டு உருவாக்கப்படுவது. மோதலின் பளுவை ஏற்பவை கண்ணுக்குப் படாத உறுப்புகள்: முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையில் நிற்கும் 'பி-பில்லர்' எனப்படும் தூண், கதவுக்குள் குறுக்காக ஓடும் விட்டம், தரையோரச் சட்டங்கள். இவற்றுக்கு இன்று போரான் சேர்த்த எஃகைச் செஞ்சூட்டில் அச்சில் அழுத்தி, உடனே குளிர்வித்துப் பயன்படுத்துகின்றனர். அதன் இழுவலிமை, அதாவது அறுந்துபோகுமுன் அது தாங்கும் இழுவிசை, சாதாரண எஃகுத் தகட்டைப்போல் ஏறத்தாழ 5 மடங்கு.

நம்பிக்கையின் அடுத்த பிழை இன்னும் ஆழமானது. மோதலில் வண்டி நசுங்காமல் இருப்பதே நல்லது என்று அது கருதுகிறது. மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் பெலா பாரெனி 1951-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1959 முதல் அந்நிறுவனக் கார்களில் நடைமுறைக்கு வந்த கருத்து இதற்கு நேர் எதிரானது: பயணிகள் அமரும் கூடு உருக்குலையாமல் நிற்க வேண்டும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள பகுதிகள் நசுங்கி மோதலின் ஆற்றலை விழுங்க வேண்டும். கணக்குப் போட்டால் இதன் பொருள் விளங்கும். மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதும் கார், முன்பகுதி 60 சென்டிமீட்டர் நசுங்கி நின்றால், இருக்கைப்பட்டை அணிந்தவர் உணரும் வேகக்குறைப்பு புவியீர்ப்பைப்போல் சராசரியாக 27 மடங்கு. விறைப்பான வண்டி 10 சென்டிமீட்டரிலேயே நின்றுவிட்டால் அது 160 மடங்கைத் தாண்டும். வண்டி அதிகம் நசுங்காத மோதலிலும் உள்ளே இருப்பவரின் பெருந்தமனி கிழியக்கூடும் என்பதற்கு இதுவே காரணம்.

1959-ஆம் ஆண்டின் செவர்லே பெல் ஏர் காரையும் 2009-ஆம் ஆண்டின் மாலிபு காரையும் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு நிலையம் 2009-இல் நேருக்குநேர் மோதவிட்டபோது, பழைய காரின் கூடு ஓட்டுநர் பொம்மையின் மேல் மடிந்தது. புதிய காரின் கூடு நிலைத்து நின்றது. 2014 வரை உற்பத்தியான அம்பாசடரை 'அந்தக் காலத்து இரும்பு' என்று போற்றி ஏங்குவோர் அந்தப் படக்காட்சியை ஒருமுறை பார்ப்பது நன்று.

இந்தியச் சான்றுகளும் குறைவில்லை. சட்டக அடித்தளத்தின் மேல் நிற்கும், பார்வைக்கே முரட்டுத்தனமான மகிந்திரா ஸ்கார்ப்பியோவின் காற்றுப்பை இல்லாத வகை, கார்களை மோதவிட்டு 5 நட்சத்திரம் வரை மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பின் 2016-ஆம் ஆண்டுச் சோதனையில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. அதே பெயர் தாங்கிப் புதிதாக வடிவமைக்கப்பட்ட ஸ்கார்ப்பியோ-என் 2022-இல் 5 நட்சத்திரம் பெற்றது. 2024-இல் மகிந்திராவின் பொலேரோ நியோ 1 நட்சத்திரத்தோடு நின்றது. அதே ஆண்டில், அதைவிடப் பல நூறு கிலோ எடை குறைந்ததும், 'தகரம்' என்ற ஏளனத்தைப் பல்லாண்டுகள் சுமந்த நிறுவனம் தயாரித்ததுமான மாருதி டிசைர், பெரியவர்களின் பாதுகாப்பில் 5 நட்சத்திரம் பெற்றது. அதே நிறுவனத்தின் ஸ்விஃப்ட் 2022-இல் 1 நட்சத்திரமே பெற்றதையும் சேர்த்துப் பார்த்தால், நிறுவனப் பெயரை வைத்து முடிவுகட்டுவதும் பானெட்டை அழுத்துவதைப் போன்ற வீண்வேலை என்பது தெரியும்.

எடைக்கு ஒரு நன்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. இரு வண்டிகள் நேருக்குநேர் மோதினால், கனமானதன் வேகமாற்றம் குறைவாகவும் இலகுவானதன் வேகமாற்றம் மிகுதியாகவும் இருக்கும். சுவருக்கு எதிரான சோதனை இதைக் காட்டாது. ஆனால் இந்த நன்மை எதிரில் வருபவரின் உடலிலிருந்து பறிக்கப்படுவது, அதற்கு எல்லையும் உண்டு. 2024 டிசம்பரில் பெங்களூரை அடுத்த நெலமங்கலாவுக்கு அருகே கன்டெய்னர் லாரி கவிழ்ந்து விழுந்தபோது, உலகின் மிகப் பாதுகாப்பான கார்களுள் ஒன்றாகக் கருதப்படும் வால்வோ எக்ஸ்சி90-க்குள் இருந்த 6 பேரும் இறந்தனர். எடைப் போட்டியில் லாரியை வெல்லும் கார் கிடையாது.

எடைக்கும் உயிர்காப்புக்கும் உள்ள உறவைப் பந்தயக்களம் இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 2005-ஆம் ஆண்டுச் சீன கிராண்ட் பிரீயில் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் ஓட்டிய ஜோர்டான் கார் சுவரில் மோதிச் சிதறியது. ஓட்டுநரையும் சேர்த்து 600 கிலோ அளவே எடையிருந்த அந்த வண்டியிலிருந்து அவர் காயமின்றி வெளியேறினார். சிதற வேண்டியவை சிதறின. கார்பன் இழைக் கூடு மட்டும் நின்றது. 1981-இல் மெக்லாரன் தொடங்கிவைத்த இந்தக் கூட்டைத் தடித்த இரும்பால் செய்ய யாரும் முனைந்ததில்லை.

சாலைக்குத் திரும்பினால், பெங்களூரில் பதிவான 1 கோடிக்கும் மேற்பட்ட வண்டிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இருசக்கர வண்டிகள் என்பதால், கனத்தை வழிபடுவதன் விலையைத் தருவோர் பெரும்பாலும் கார் வாங்காதவர்களே. முன்பக்கத்தில் பொருத்தப்படும் இரும்புக்குழாய்க் காப்பான 'புல் பார்' இந்த வழிபாட்டின் உச்சம். மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே அதற்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களைப் பணித்தது. இந்த நடவடிக்கைக்கான காரணம் அதன் பொருத்தும் முறையிலேயே இருக்கிறது. வண்டிச் சட்டகத்தின் முன்முனையில் நேரடியாக முடுக்கப்படும் அந்தக் குழாய், நசுங்க வேண்டிய பகுதியைத் தாண்டி விசையை உள்ளே கடத்துகிறது. காற்றுப்பையை இயக்கும் உணரிகளுக்கு மோதலின் அளவு திரிந்து சேர்வதால் பை தாமதமாகவோ விரியாமலோ போகலாம். ஸ்கூட்டரில் வருபவரின் தொடையையும் இடுப்பையும் தாக்கும் உயரத்தில், வளையாத இரும்பாக அது நிற்கிறது. 5 நட்சத்திரத்துக்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய வண்டிக்கு இதையும் பணம் கொடுத்து மாட்டுபவர், சோதனையில் மோதிய வண்டியும் தம்முடைய வண்டியும் இனி ஒன்றல்ல என்பதை அறிவதில்லை.