கூரம், ஏதென்ஸ், அப்புறம் எங்க ஊர் ஏரிக் கணக்கு

காஞ்சிபுரம் பக்கத்துல கூரத்துல இருக்கிற சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். சாயங்காலம் திண்ணையில உக்காந்திருந்தப்ப, காலேஜ் படிக்கிற தம்பி ஆரம்பிச்சான். "அண்ணே, ஜனநாயகத்தைக் கண்டுபிடிச்சது கிரேக்கர்கள் இல்ல. நம்ம உத்திரமேரூர்தான்."

எனக்கும் ஆசைதான். ஆனா கணக்கு இடிக்குதே! ஏதென்ஸ்ல கிளைஸ்தனீஸ் குடியாட்சிக்கு அடி போட்டது கி.மு. 508. உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டுகள் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. நடுவுல 1400 வருஷம். யார் முதல்லங்கிற போட்டியில நாம அவுட். விடுங்க, அந்தப் போட்டியே மொக்கை.

நிற்க. வேற விஷயம் ஒண்ணுதான் எனக்கு ஆச்சரியம். ஒருத்தரை ஒருத்தர் தெரியாத ரெண்டு ஊரும், கிட்டத்தட்ட ஒரே வழிக்கு வந்து சேர்ந்திருக்கு.

ஏதென்ஸ்ல 10 குலங்கள், குலத்துக்கு 50 பேர், ஆக 500 பேர் கொண்ட சபை. சீட்டுக் குலுக்கித்தான் எடுத்தாங்க. உத்திரமேரூர்ல 30 குடும்பு. ஓலையில பேரெழுதிக் குடத்துல போட்டு, விவரம் தெரியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னாங்க. எடுத்த ஓலையை நடுவர் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கணும். மாத்திடக் கூடாதாம்! கோயில் நம்பிமார் எல்லாரும் அதை வாசிக்கணும்.

இங்கேதான் சாமி உள்ள வர்றாரு. அந்தப் பத்துக் குலத்துக்கும் பேர் வச்சது பழைய வீரர்களோட பேரு. அதைத் தேர்ந்து சொன்னது டெல்பி கோயில் குறி. அந்த வீரர்களோட சிலைப் பீடம்தான் ஊர் அறிவிப்புப் பலகை. ஏதீனா தேவியோட பொக்கிஷக் கணக்கைக் கல்லுல வெட்டி வச்சாங்க. நம்ம ஆளுங்க விதிமுறையைக் கோயில் சுவர்ல வெட்டினாங்க. கூரத்தையே எடுத்துக்குங்க. முதலாம் பரமேஸ்வரவர்மன் கொடுத்த செப்பேட்டுல சிவன் கோயில், மண்டபத்துல பாரதம் வாசிக்க ஏற்பாடு, ஏரி, பாலாத்துலேர்ந்து வெட்டின பெரும்பிடுகு கால்வாய் எல்லாம் ஒண்ணாவே வருது. பக்தி தனி, படிப்பு தனி, பாசனம் தனின்னு அவங்க பிரிச்சுப் பார்க்கல.

ஆனா ரொம்பப் புல்லரிக்கவும் வேண்டாம். ஏதென்ஸ்ல பெண்கள், அடிமைகள், வெளியூர்க்காரங்களுக்கு இடமில்லை. உத்திரமேரூர் பிராமணர்களோட சபை. நிலமும் வீடும் வேதப்படிப்பும் இருந்தாத்தான் குடத்துல பேரு. அந்த நிலத்துல உழுதவன் பேரு எந்தக் குடத்துலயும் இல்ல.

சாமி அரசாங்கத்தோட கையில சிக்கினா என்ன ஆகும்கிறதுக்கும் ரெண்டு பக்கமும் சாட்சி இருக்கு. கி.மு. 399-ல ஊர் தெய்வங்களை மதிக்கலைன்னு சாக்ரடீஸுக்கு விஷம் கொடுத்தது அதே குடியாட்சிதான். இதே கூரத்துல பிறந்த கூரத்தாழ்வான், சிவனே பெரியவர்னு கையெழுத்துப் போடச் சொன்ன சோழ ராஜாவுக்கு இணங்காம, கண்ணையே இழந்தார்னு வைணவ குருபரம்பரை சொல்லுது. குலோத்துங்கனா வேற ராஜாவாங்கிற சண்டை வேற நடக்குது. எனக்கு முக்கியம் அந்தக் கையெழுத்து.

சரி, இவ்வளவு குறையோட அவங்ககிட்ட எடுத்துக்க என்ன இருக்கு? ஒண்ணே ஒண்ணு. கணக்கு.

வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரைக் குடத்துல போடக் கூடாதுங்குது உத்திரமேரூர். அவன் மட்டுமில்ல; சித்தி பையன், பெரியம்மா பையன், அத்தை பையன், மாமனார், மச்சான், மருமகன் வரைக்கும் அவுட். ஏதென்ஸ்ல பதவிக்காலம் முடிஞ்சா தணிக்கை. கணக்கு நேராகிற வரைக்கும் ஊரை விட்டுப் போகக் கூடாது. தன் சொத்தைச் சாமிக்குக் காணிக்கையா எழுதி வைக்கக்கூட முடியாது! சாமி பேரைச் சொல்லித் தப்பிக்கிற வழியையும் அடைச்சுட்டாங்க. பக்தியுள்ளவங்கதான் இந்தச் சட்டத்தைப் போட்டாங்கங்கிறதை மறந்துடாதீங்க.

இதைத் தம்பிகிட்ட சொன்னப்ப, எங்க ஊர் (பேரு வேண்டாம்) கிராம சபைதான் ஞாபகம் வந்துச்சு. ஏரி தூர்வாரின கணக்கைக் கேட்டேன். "வாசிச்சாச்சே, நீங்க லேட்டு"ன்னாங்க. நோட்டை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்து"ன்னாங்க. கூட்டம் கலையுது, வெயில் வேற. போட்டுட்டு வந்துட்டேன்.

கண்ணு போனாலும் போடமாட்டேன்னு நின்ன ஆளோட ஊர்ல உக்காந்துதான் இதைச் சொல்றேன். எனக்கு என்ன போயிருக்கும்? ஒரு டீ, ரெண்டு பேரோட முகச்சுளிப்பு.

2020 டிசம்பர்ல புது நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டினப்ப பிரதமர் பேச்சுலயும் உத்திரமேரூர் வந்துச்சு. சந்தோஷம். ஆனா அந்தக் கல்வெட்டைப் பெருமைக்கு மட்டும் எடுத்துக்கிட்டு, கணக்குக் காட்டாதவனை விலக்கற வரியை விட்டுட்டா, நாம பாதிக் கல்வெட்டைத்தான் வாசிச்சிருக்கோம்.

அடுத்த கிராம சபைக்குச் சீக்கிரமே போறதா இருக்கேன். கணக்கை வாசிக்காம கையெழுத்து இல்ல. உங்க ஊர்ல எப்படி? பின்னூட்டத்துல சொல்லுங்க.