மூழ்கிய கப்பலும் முதிர்ந்த கிணறுகளும்: துப்புரவுச் செலவு யார் தலையில்?

புது தில்லி: கொச்சியில் மட்டாஞ்சேரியை ஒட்டியுள்ள ஃபோர்ட் கொச்சி கடலோரக் காவல் நிலையத்தில் 2025 ஜூன் 11-ஆம் தேதி ஒரு வழக்கு பதிவானது. எதிரிகள் "எம்.எஸ்.சி. எல்சா 3" கப்பலின் உரிமையாளரும் அதன் மாலுமிகளும். கப்பல் கடலடியில் கிடந்தது. அதன் எண்ணெயையும் சரக்கையும் அகற்றும் செலவு யாருடையது என்ற கேள்வி, கேரள உயர் நீதிமன்றத்தைத் தாண்டி தில்லி வரை வந்திருக்கிறது.

லைபீரியக் கொடி தாங்கிய அந்தக் கப்பல் 1997-இல் கட்டப்பட்டது. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்கு வரும் வழியில் 2025 மே 24-இல் சாய்ந்து, மறுநாள் காலை மூழ்கியது. 24 மாலுமிகளும் மீட்கப்பட்டனர். கப்பலுடன் போனவை 640 பெட்டகங்கள், 84.44 டன் டீசல், 367.1 டன் உலை எண்ணெய். 12 பெட்டகங்களில் கால்சியம் கார்பைடு இருந்தது. தென் கேரளக் கரை நெடுகிலும் பிளாஸ்டிக் குருணைகள் ஒதுங்கின. மீன் வாங்கவே மக்கள் அஞ்சினர்.

முதலில் கை நனைத்தது மாநிலக் கருவூலம்தான். திருவனந்தபுரம், கொல்லம், ஆலப்புழை, எர்ணாகுளம் மாவட்ட மீனவக் குடும்பங்களுக்குத் தலா ரூ. 1,000-மும் 6 கிலோ அரிசியும் அறிவிக்கப்பட்டன. வருவாய் முடங்கிய குடும்பத்துக்கு அது எத்தனை நாள் தாங்கும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

கேரள அரசு கோரிய இழப்பீடு ரூ. 9,531 கோடி. மாசுக்கு ரூ. 8,626 கோடி, சுற்றுச்சூழல் சீரமைப்புக்கு ரூ. 378 கோடி, மீனவர் இழப்புக்கு ரூ. 526 கோடி என்பது மாநிலத்தின் கணக்கு. மூழ்கிய கப்பலைப் பிடித்துவைக்க முடியாது என்பதால், "எம்.எஸ்.சி. அகிதெத்தா 2" என்ற வேறொரு கப்பலை விழிஞ்ஞத்தில் தடுத்துவைக்க 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017-ஆம் ஆண்டுக் கடல்சார் வழக்குகள் சட்டம் இதற்கு இடம் தருகிறது. இரு கப்பல்களும் ஒரே குழுமத்தின் கட்டுப்பாட்டில் உள்ளவை என்பதே மாநிலத்தின் வாதம். செப்டம்பரில் ரூ. 1,227.62 கோடிக்குப் பிணை தருமாறு நீதிமன்றம் கூறியது.

உரிமையாளர் தரப்போ சுமார் ரூ. 132 கோடியுடன் தனது பொறுப்பு முடிந்துவிடும் என்று தனி மனு தாக்கல் செய்தது. கோரப்பட்ட தொகையில் இது நூற்றுக்கு ஒன்றரைப் பங்குகூட இல்லை. இது வெறும் பேரமும் அல்ல. சேதம் எவ்வளவாயினும், கப்பலின் கொள்ளளவுக்கேற்ப உச்சவரம்பு வகுக்கும் சர்வதேச உடன்பாட்டில் இந்தியாவும் சேர்ந்துள்ளது. வேண்டுமென்றோ, விளைவு தெரிந்தும் பொருட்படுத்தாமலோ உரிமையாளர் நடந்துகொண்டார் என நிரூபித்தால் மட்டுமே அந்த வரம்பு உடையும். கப்பல் மூழ்கியது 12 கடல் மைலுக்கு அப்பால் என்பதால் மாநிலத்துக்கு வழக்காடும் உரிமையே இல்லை என்றும் எதிர்த்தரப்பு வாதிட்டது. கரை ஒதுங்கிய குருணைகளுக்கு இந்த எல்லைக்கோடு தெரியவில்லை.

கப்பல் சிதைவுகளை அகற்றுவது பற்றிய 2007-ஆம் ஆண்டு நைரோபி உடன்பாட்டில் இந்தியா 2011-லேயே இணைந்தது. அதற்கேற்ற உள்நாட்டுச் சட்டப் பிரிவுகள் வர 2025 ஆகஸ்ட் ஆயிற்று. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றான வணிகக் கப்பல் மசோதா, பிகார் வாக்காளர் பட்டியல் விவகாரத்தில் எதிர்க்கட்சிகள் எழுப்பிய அமளிக்கு நடுவே ஆகஸ்ட் 6-இல் மக்களவையில் நிறைவேறியது. கொச்சிக் கடலில் கப்பல் மூழ்கிய மூன்றே மாதத்துக்குள் நிறைவேறிய மசோதா. விரிவான விவாதம்தான் இல்லை.

எண்ணெய்க் கிணறுகள் விஷயத்தில் ஏற்பாடு வேறு. உற்பத்தி ஓய்ந்த பின் கிணற்றை அடைத்து நிலத்தைச் சீராக்குவதற்காக, லாபம் வரும் காலத்திலேயே பாரத ஸ்டேட் வங்கியில் நிறுவனங்கள் பணம் ஒதுக்கிவைக்க 1999-இல் திட்டம் வகுக்கப்பட்டது. செலுத்திய தொகை அல்லது லாபத்தில் 20 சதவீதம், இவற்றில் குறைவானதற்கு வருமான வரிச் சட்டத்தின் 33ஏபிஏ பிரிவு விலக்களித்தது. அந்த அளவுக்கு மத்தியக் கருவூலமும் முன்கூட்டியே பங்கேற்கிறது. ஆனாலும் பணம் முன்பே கையில் இருப்பது, லைபீரியாவில் பதிவான நிறுவனத்தைத் தேடி அலைவதைவிட எவ்வளவோ மேல்.

தமிழகத்துக்கு இதில் நேரடி அக்கறை உண்டு. காவிரிப் படுகை எண்ணெய்க் கிணறுகள் பல முதிர்ந்துவிட்டவை. கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30-இல் எண்ணெய்க் குழாய் கசிந்து எழுந்த போராட்டம் மறக்கக்கூடியதல்ல. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் புதிய கிணறுகளைத்தான் தடுக்கிறது. ஏற்கெனவே இயங்குபவற்றைத் தொடவில்லை. 2025 மார்ச் 12-இல் மக்களவையில் நிறைவேறிய எண்ணெய் வயல்கள் திருத்த மசோதா, பழைய சட்டத்திலிருந்த ஆறு மாதச் சிறைத் தண்டனையை நீக்கி, ரூ. 25 லட்சம் வரை அபராதம் என்று மாற்றியது. சுற்றுச்சூழல் கடமைகளை விதிகள் மூலம் வகுக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. டெல்டாவில் கிணறு தோண்டிய ஓ.என்.ஜி.சி.யின் பெரும்பான்மைப் பங்குகளும் அதே அரசிடம்தான். எந்தக் கிணற்றுக்கு எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டுள்ளது என்று கிராமவாரியாகக் கேட்டுப் பதிலைப் பதிவுசெய்ய, தமிழக எம்.பி.க்களுக்குக் கேள்வி நேரம் இருக்கிறது.