மகிழ்ச்சி தரும் எண்கள்

நாசிக் அருகே உள்ள ராணுவ முகாம் ஊர் தேவ்லாலி. 1930 முதல் 1962 வரை அங்கே பள்ளி ஆசிரியராக இருந்தவர் தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேகர். படிப்பு பி.எஸ்ஸி.யோடு சரி. முனைவர் பட்டம் கிடையாது. ஆராய்ச்சிக்கூடம் கிடையாது. தாளும் பென்சிலும் இருந்தன, எண்கள் மீது தீராத மோகமும் இருந்தது.

ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டுங்கள். அந்தத் தொகையால் அதே எண் மீதியின்றி வகுபட்டால் அது 'ஹர்ஷத்' எண். மகிழ்ச்சி தருவது என்று பொருள். பெயர் வைத்தவர் காப்ரேகர். 12 அப்படிப்பட்டது: 1+2=3; பன்னிரண்டை மூன்று வகுக்கும். ராமானுஜனால் புகழ்பெற்ற 1729-ம் அப்படியே. இலக்கங்களின் கூட்டுத்தொகை 19. 19 x 91 = 1729.

பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்யும் விதி ஒன்று உண்டு: இலக்கங்களின் தொகை ஒன்பதால் வகுபட்டால் எண்ணும் வகுபடும். ஏன்? பத்து என்பது 9+1. நூறு என்பது 99+1. ஆயிரம் 999+1. ஒன்பதுகளை ஒதுக்கிவிட்டால் ஒவ்வோர் இலக்கமும் தன் இடமதிப்பை இழந்து, வெறும் இலக்கமாக மிஞ்சுகிறது. அவ்வளவுதான் ரகசியம். பல வகுப்பறைகளில் விதி சொல்லப்படுகிறது; காரணம் சொல்லப்படுவதில்லை. கணக்கு மீது பயம் பிறப்பது அந்த இடைவெளியில்தான்.

காப்ரேகரின் பெயரை நிலைக்கச் செய்த எண் 6174. எல்லா இலக்கங்களும் ஒன்றாக இல்லாத ஏதாவது ஒரு நான்கிலக்க எண்: 2415 என்று வைப்போம். இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழித்தால் 5421 - 1245 = 4176. மீண்டும் 7641 - 1467 = 6174. இனி எத்தனை முறை கழித்தாலும் அதே விடைதான். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு கழித்தலுக்குள் இங்கே வந்து சேர வேண்டியதுதான்.

இங்கும் ஒன்பதின் கைவரிசை உண்டு. இலக்கங்களை இடம் மாற்றினாலும் தொகை மாறாது. எனவே ஒன்பதால் வகுத்தால் இரு எண்களுக்கும் ஒரே மீதி. கழிக்கும்போது மீதி அடிபட்டுப் போகிறது. முதல் கழித்தலிலேயே ஒன்பதின் மடங்குகள் தவிர மற்ற எண்கள் எல்லாம் ஆட்டத்திலிருந்து வெளியேறிவிடுகின்றன.

இதையெல்லாம் விளையாட்டுக் கணக்கு என்று உள்நாட்டில் ஒதுக்கியவர்கள் உண்டு. 1975-ல் அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையில் எழுதிய பிறகே காப்ரேகர் உலகுக்குத் தெரிந்தார். அப்போது அவருக்கு வயது 70. 1986-ல் காலமானார்.

6174-ன் இலக்கங்களைக் கூட்டினால் 18. பதினெட்டால் வகுத்தால், மீதியின்றி 343. வாத்தியாரின் எண்ணும் ஹர்ஷத்தான்.