இடம் தந்தவரைக் காப்போம்

தோழியரே, கடலில் முத்துமீன் என்றொரு சிறு மீன் உண்டு. செதிலற்ற, ஒல்லியான இம்மீன் உயிருள்ள முத்துச்சிப்பிக்குள்ளும் கடல் அட்டையின் உடலுக்குள்ளும் குடியிருக்கும். பெரும்பாலும் இரவில் வெளியே சென்று இரை தேடும். சில இனங்களோ அட்டையின் உள்ளுறுப்பையே தின்று, உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யும். சிப்பிக்குள் இறந்த மீன்மீது முத்துப்பூச்சு படர்வதும் உண்டு.

வீடு அழிந்தால் குடியிருப்போர் நிலை என்ன? தூத்துக்குடியில் 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு இல்லை. கடல் அட்டை பிடிப்பதற்கு 2001 முதல் தடை உள்ளது. இதனால் மீனவர் வருவாய் குறைந்தது உண்மையே. அவர்களுக்கு மாற்றுத் தொழில் வேண்டும். ஆயினும் தடை தேவை என்பதே என் கருத்து. அட்டையைக் காத்தால் உள்ளே ஒளிந்திருக்கும் மீனும் பிழைக்குமன்றோ?

போடி மலையில் நிழல்மரத்தை வெட்டினால் ஏலச்செடி வாடும். மலைக்கும் கடலுக்கும் நியாயம் ஒன்றே. இடம் தந்தவரை முதலில் காப்போம்!