பேய்ப்படம் எடுக்கக் காசா தடை?

கையில் காசில்லை, பேய்ப்படம் எடுக்க முடியவில்லை என்று குறும்பட நண்பர்கள் சொல்வதுண்டு. ஜப்பானின் 'தோமியே' (1999) சின்ன பட்ஜெட் படம்தான். கொல்லப்பட்ட மாணவி திரும்பத் திரும்ப உயிரோடு வருவாள். நெடுநேரம் அவள் முகத்தையே காட்டமாட்டார்கள். செலவும் மிச்சம், பயமும் கூடுதல்! ஆனால், கதை முன்பே தாளில் தயாராக இருந்தது. செயற்கைப் பல் செய்யும் வேலையில் இருந்த ஜுன்ஜி இத்தோ, 1987-இல் வரையத் தொடங்கிய மங்கா அது.

நம் நாட்டு மலாய்ப் படம் 'ரோ', சுமார் 360,000 ரிங்கிட்டில், காட்டுக் குடிசையில் வாழும் ஒரு தாயையும் இரு பிள்ளைகளையும் சுற்றியே எடுக்கப்பட்டு, 93ஆவது ஆஸ்காருக்கு மலேசியாவின் தேர்வாகப் போனது.

சிலிம் ரிவர் தோட்டங்களில் கதைக்கா பஞ்சம்? சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றி லயத்துப் பெரியவர்கள் சொன்னவற்றை யார் வரைந்து வைத்தோம்? கேமராவை எப்போதும் வாடகைக்கு எடுக்கலாம். இந்த விடுமுறையில் நோட்டும் பென்சிலுமாகப் பாட்டியிடம் போய் உட்காருங்கள்.