இரண்டு மணி நேர வேலையா?

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் வழியில் இருக்கிறது இண்டூர். இந்த வட்டாரத்தில் பள்ளி ஆண்டு விழா மேடையானாலும் மேலாண்மைக் குழுக் கூட்டமானாலும், கழிப்பறை கழுவும் அம்மாவின் சம்பளப் பேச்சு எழுந்தால் ஒரே பதில்தான் வரும். "ரெண்டு மணி நேர வேலைதானே, இது போதும். பிள்ளைங்களுக்குச் செய்யற சேவைன்னு நெனச்சுக்கணும்." சொல்கிற ஆள் மாறுகிறார், பதில் மாறுவதில்லை. வருடக்கணக்கில் கேட்டுப் பொறுமை போய்விட்டது.

போதும் என்கிறார்களே, எது போதும்? ஊரக வளர்ச்சித் துறை வழியாகப் பள்ளிகளுக்குத் தூய்மைப் பணியாளர் வைக்க ஏற்பாடு செய்தபோது, தமிழக அரசு தொடக்கப் பள்ளிக்கு நிர்ணயித்தது மாதம் 1,000 ரூபாய். நடுநிலைப் பள்ளிக்கு 1,500. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-ஆம் ஆண்டுக்கான ஒரு நாள் கூலி 336 ரூபாய். மூன்று நாள் மண் வெட்டினால் கையில் வருகிற பணத்துக்கு, மாதம் முழுக்கக் கழிப்பறை கழுவச் சொல்கிறார்கள்.

இரண்டு மணி நேரக் கணக்கைப் போட்டவர் ஒரு நாளாவது அந்த அம்மாவோடு நின்றிருப்பாரா? பிரார்த்தனை மணி அடிப்பதற்குள் வகுப்பறைகளும் வளாகமும் பெருக்கியாக வேண்டும். மோட்டார் ஓடவில்லை என்றால் தண்ணீர் குடத்தில் வரும், அதையும் அவரே தூக்கி வருவார். பினாயில் தீர்ந்துவிட்டால் பிளீச்சிங் பவுடரை வெறுங்கையால் அள்ளித் தூவுவார், கையுறை வாங்கித் தர யாருக்கும் தோன்றியிருக்காது. விரல் இடுக்கில் தோல் வெந்து உரிந்திருக்கும். இன்டர்வெல் முடிந்ததும் கழிப்பறை பழையபடி ஆகியிருக்கும், மறுபடியும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு குழந்தை வகுப்பிலேயே வாந்தி எடுத்தால் "ஆயாம்மாவைக் கூப்பிடு" என்று ஆள் ஓடும். சத்துணவு சாப்பிட்ட இடத்தைக் கழுவ வேண்டும். காலை எட்டரைக்கு வந்தவர் மதியம் இரண்டு மணிக்கும் பள்ளியில்தான் இருப்பார். ஏட்டில் மட்டும் இரண்டு மணி நேரம்.

மீதி நேரத்தில் வேறு வேலைக்குப் போகலாமே என்பது இவர்களின் அடுத்த வாதம். எந்த வேலைக்கு? தக்காளி பறிக்க ஆள் ஏற்றும் வண்டி விடிந்ததும் புறப்பட்டுவிடும். பதினோரு மணிக்கு எந்தத் தோட்டக்காரர் கூலிக்கு ஆள் எடுக்கிறார்? நூறு நாள் வேலைக்கோ 2023 ஜனவரியிலிருந்து செயலியில் காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம் என்று இரண்டு முறை வருகைப் பதிவு. பள்ளியில் துடைப்பத்தோடு நிற்பவர் ஏரிக்கரையில் படத்துக்கு எப்படி நிற்பார்? நாளின் நடுப்பகுதியை வெட்டி எடுத்துக்கொண்டு, ஓரத்தில் மிஞ்சிய நேரத்தில் பிழைத்துக்கொள் என்பது எந்த ஊர் நியாயம்?

பகுதி நேரம் என்று ஏட்டில் எழுதிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு உச்ச நீதிமன்றமே பதில் சொல்லிவிட்டது. மத்திய நீர் ஆணைய அலுவலகத்தில் பெருக்கித் துடைத்த பெண்களும் ஒரு தோட்ட வேலைக்காரரும் தொடுத்த வழக்கில், 2024 டிசம்பர் 20 அன்று அவர்களைப் பணிநிரந்தரம் செய்ய உத்தரவிட்டது. பகுதி நேரம், தற்காலிகம் என்ற பெயரை வைத்து, அன்றாடம் தேவைப்படும் நிரந்தர வேலையை ஆண்டுக்கணக்கில் வாங்கிக்கொள்ளக் கூடாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். பள்ளிக் கழிப்பறை அன்றாடம் தேவைப்படாத வேலையா?

அடுத்தது சேவை. ஆசிரியர் பணியும் சேவைதான், மருத்துவர் பணியும் சேவைதான். அவர்களை யாரும் ஆயிரம் ரூபாய்க்குக் கூப்பிடுவதில்லை. துடைப்பம் பிடித்த கைக்கு மட்டும் சேவையைச் சம்பளமாகக் கொடுக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் மாதம் 1,000 ரூபாய்க்குப் பள்ளியில் மதிய உணவு சமைத்த ஒரு பெண்ணின் வழக்கில், இது அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடை செய்த கட்டாய உழைப்பு என்று 2020 டிசம்பரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது. சமையலருக்கு மத்திய அரசு 2009 டிசம்பரில் நிர்ணயித்த மதிப்பூதியம் அது. அதுவும் வருடத்துக்குப் பத்து மாதம்தான். அரிசி, எண்ணெய், பஸ் கட்டணம் எல்லாம் அதற்குப் பிறகு எங்கே போயின என்று நமக்குத் தெரியும். 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தை நாடே பார்த்துப் படித்தது என்று பெருமை பேசும் தமிழ்நாட்டிலும், 2024 இறுதியில் புதிய சமையல் உதவியாளர்களுக்கு அறிவித்த தொகுப்பூதியம் மாதம் 3,000 ரூபாய்தான்.

விரும்பித்தானே வந்தார்கள் என்பார்கள். பசிக்கு வந்தவரைப் பார்த்து விருப்பம் என்று சொல்வது பொய். 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அந்தப் பேச்சை ஒதுக்கித் தள்ளிவிட்டது.

நிதி இல்லையாம். கழிப்பறை கட்டவும் திறப்பு விழாவுக்குப் பந்தல் போடவும் இருக்கிறது.

கூலி கொடுக்காமல் சமாளித்தால் என்ன நடக்கும் என்பதை 2022-இல் பெருந்துறை அருகே பாலக்கரையில் பார்த்தோம். பட்டியல் சாதிக் குழந்தைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமை ஆசிரியை கைதானார். முறையான ஆளை முறையான சம்பளத்துக்கு வைக்காத பள்ளியில் அந்தத் துடைப்பம் யார் கைக்குப் போகும் என்பது எங்கள் தருமபுரி மாவட்டத்திலும் யாருக்கும் தெரியாததல்ல.

மே 1 அன்று கிராம சபை கூடும். இண்டூரைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய்மார்களே, குறைந்தபட்சக் கூலி, கையுறை, வங்கிக் கணக்கில் மாதம் தவறாத சம்பளம் இந்த மூன்றையும் பள்ளித் தூய்மைப் பணியாளருக்கு வழங்கக் கோரித் தீர்மானம் கொண்டுவாருங்கள். பதிவேட்டில் எழுதும்வரை எழுந்து போகாதீர்கள்.